என் ஞானத்தகப்பன் யாருன்னு தேடிப் போன கதை

கிளம்புற ராத்திரி, முத்துநகர் எக்ஸ்பிரஸ், அப்பர் பெர்த்

எல்லாத்துக்கும் காரணம் ஒரு சர்ட்டிபிகேட். அக்கா பேத்திக்கு அடுத்த மாசம் ஞானஸ்நானம், நீதான் ஞானத்தகப்பனா (இங்கிலீஷ்ல காட்பாதர்) நிக்கணும்னு அக்கா சொல்லிட்டா, நானும் பெருமையா தலையாட்டிட்டேன். கோயில் ஆபீஸ்ல போய்க் கேட்டா, ஞானத்தகப்பனா நிக்கிறவருக்கு பதினாறு வயசு முடிஞ்சிருக்கணும் (முடிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு சார்), உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்கு அப்புறம் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்துற சடங்கு) வாங்கியிருக்கணும், முதல்ல உங்க ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கொண்டு வாங்கன்னுட்டாங்க.

எங்கப்பா ஆர்.சி. ஸ்கூல் வாத்தியார். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்க மாத்தல். நான் பொறந்தப்ப திருச்செந்தூருக்குத் தெக்க ஒரு கடக்கரை ஊர்ல இருந்தாங்க. ஊர் பேர எழுத மாட்டேன், அங்க இருக்கிறவங்க கதையும் இதுல வருது, அவங்ககிட்ட கேக்காம எழுதுறது சரியில்ல. அந்தக் கோயிலுக்கு போன் போட்டு 1977 நவம்பர், தேவசகாயம்னு சொன்னேன். அப்படி ஒரு பேரே இல்லன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அக்காதான் "லாசர்னு பாக்கச் சொல்லுடா"ன்னா. லாசர்ங்கிற பேரோட தமிழ்தான் தேவசகாயம், 1745ல வடக்கன்குளத்துல நீலகண்ட பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப வச்ச பேரும் அதுதான், இப்ப அவரு புனிதர். எனக்கு ரெஜிஸ்டர்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல இன்னொண்ணு.

சாயங்காலம் வாட்ஸ்அப்ல வந்துது. ஞானத்தகப்பன்: சூசை. ஞானத்தாய்: மரியாள்.

படிச்சதும் சிரிப்புதான். சூசையும் மரியாளும்னா அப்ப நான் யாரு, பாலன் இயேசுவா? ஊர் பேர் கிடையாது, தகப்பன் பேர் கிடையாது. தென் தமிழ்நாட்டு கடக்கரையில சூசைன்னு ஒரு ஆளைத் தேடுறது தி.நகர்ல குமாரைத் தேடுற மாதிரி.

ஆனா சிரிப்பு அடங்குனப்புறம்தான் உறைச்சுது. என் ஞானத்தகப்பன் எங்க நாகப்பட்டினம் மாமா ஆச்சே! அம்மாவோட மூத்த அண்ணன், ஆரோக்கியசாமி. என் புதுநன்மைக்கு (முதல் தடவ நற்கருணை வாங்குற நாள்) எச்எம்டி வாட்ச் கட்டிவிட்டவரு, கல்யாணத்துக்கு மோதிரம் போட்டவரு, சாகுற வரைக்கும் யார் வந்தாலும் "இவன் என் ஞானமகன்"னு அறிமுகம் செஞ்சவரு. அத்தைதான் ஞானத்தாய். வீட்ல யாரும் அத மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்ல. அம்மா அப்பா மாமா அத்தை நாலு பேரும் போயாச்சு. அக்காவுக்கு அப்ப ஆறு வயசு. "மழ பேஞ்சுது, கரண்ட் இல்ல, அவ்ளோதான்டா தெரியும்"ங்கிறா.

நாலு நாள் லீவு போட்டுட்டேன். வீட்டுக்காரி கேட்டா, சர்ட்டிபிகேட்தான் வந்துருச்சே அப்புறம் எதுக்குப் போறீங்கன்னு. பதில் சொல்லத் தெரியல.

முதல் நாள், தூத்துக்குடி

காலைல இறங்குனதும் வெயில். பனிமய மாதா கோயிலுக்குப் போய் கொஞ்ச நேரம் உக்காந்தேன். ஆகஸ்ட் அஞ்சு திருவிழா முடிஞ்சு ஒன்றரை மாசம், கூட்டமில்ல, பீச் ரோட்டுக் காத்து உள்ள வரைக்கும் வருது.

காலேஜ்ல கூடப் படிச்சவன் ஒருத்தன் சாமியாராயிட்டான், இப்ப லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கான். பேக்கரியில ஒரு கால் கிலோ மக்ரூன் வாங்கிட்டுப் போனேன் (முட்டை வெள்ளக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான், ஆனா இந்த ஊரைத் தாண்டுனா எவனுக்கும் சரியா வரல). அவன் கேட்டான், ஞானத்தகப்பன் பேரை கோயில் ஏன் எழுதி வைக்குதுன்னு தெரியுமாடே?

பிள்ளையை விசுவாசத்துல வளக்குறதுக்குன்னேன். அது சரி, எழுதி வைக்கிறது எதுக்குன்னா கல்யாணத்தைத் தடுக்கத்தான்னான். அந்தக் காலத்துல ஞான உறவும் ரத்த உறவு மாதிரிதான், ஞானத்தகப்பன் வீட்டோட சம்மந்தம் பண்ணக்கூடாது. ஒரு பிள்ளைக்கு பத்து பேர் பதினஞ்சு பேர் ஞானத்தகப்பனா நின்னுருக்காங்க, கடைசியில ஊர்ல யாரு யாரக் கட்டலாம்னே தெரியாம குழம்பியிருக்கு. அதான் 1563ல திரெந்துங்கிற ஊர்ல ஆயர்கள் கூடுன சங்கத்துல ஒருத்தர், மிஞ்சிப் போனா ஒரு ஆம்பள ஒரு பொம்பளன்னு குறைச்சு, யாரு நின்னாங்கன்னு பங்குச்சாமியார் (பங்குன்னா ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்) கேட்டு புத்தகத்துல எழுதணும்னு சட்டம் போட்டாங்க. அந்தக் கல்யாணத் தடை 1983ல வந்த புது திருச்சபைச் சட்டத்துலதான் ஒருவழியா போச்சு. எழுதுற பழக்கம் மட்டும் நிக்குது.

அப்ப 1977ல எனக்கும் அந்த மரியாளுக்கும் கல்யாணம் செல்லாதான்னு கேட்டேன். மக்ரூனைத் தின்னுட்டுப் போடேன்னான்.

இன்னொண்ணும் சொன்னான். இங்க பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாதுன்னு பேர் இருக்கே, 1530கள்ல பரதவர் மொத்தமா ஞானஸ்நானம் வாங்குனப்ப ஞானத்தகப்பனா நின்ன போர்த்துக்கீசியன் பேருதான் அதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. சவேரியார் 1544 கடைசியில தெக்க திருவிதாங்கூர் கரையில ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல தண்ணி ஊத்துனாரு, அவரே லெட்டர்ல எழுதியிருக்காரு. ரெஜிஸ்டருக்கு எங்க போறது? ஒவ்வொருத்தருக்கும் புதுப் பேர எழுதி கையில குடுத்து அனுப்பியிருக்காரு. யோசிச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் ஒரு பேரு, இன்னைக்கு ஒரு சீட்டு. அது தொலைஞ்சா?

ரெண்டாம் நாள், ரெஜிஸ்டர்

தூத்துக்குடி–திருச்செந்தூர் பஸ், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியா. அங்கருந்து தெக்க போற பஸ் ஏறுனா உள்ள பாதி பேர் காளி, கொறத்தி, குரங்கு, ஒரு போலீஸ். குலசை தசரா ஆரம்பிச்சாச்சு, வேஷம் போட்டுக் காணிக்கை எடுக்கிறாங்க. எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு காளி, மடியில பத்து கைய கழட்டி வச்சிக்கிட்டு போன்ல லோன் ஆபீசர்கிட்ட தவணை கேட்டுக்கிட்டு இருந்தாரு. மணப்பாடு தாண்டும்போது மேட்டு மேல திருச்சிலுவைக் கோயில் தெரிஞ்சுது. ஜன்னல்லயே சிலுவை போட்டுக்கிட்டேன், காளியும் கும்பிட்டுச்சு.

கோயில் வளாகத்துல இருக்கிற பங்குச்சாமியார் சின்ன வயசு, முப்பத்தஞ்சு இருக்கும். பொறுமையானவரு. பீரோவைத் திறந்தாரு, கரையான் மருந்து வாசனை. மேல் தட்டுல தடி தடியா பழைய புத்தகம், லத்தீன்ல. பத்ரினுஸ்னா ஞானத்தகப்பன், மத்ரினான்னா ஞானத்தாய்னு காட்டுனாரு. வெள்ளைக்காரச் சாமியார் எழுத்துல நம்மூர் பேரெல்லாம் வால் முளைச்சி இருக்கு, மிக்கேல் மிக்காயேலுஸ் ஆயிடுறாரு.

1977 புத்தகம் தமிழ்ல. அச்சடிச்ச கட்டம், நீல மை. என் வரிசை வந்துச்சு. பொறந்தது நவம்பர் 8. ஞானஸ்நானம் நவம்பர் 13. அஞ்சே நாள்! அப்பா பேரு, அம்மா பேரு, அப்புறம் அந்த ரெண்டு பேரு. பாத்ததும் விரல வச்சி தொடப் போனேன், சாமியார் மெதுவா கையை நகத்திட்டாரு, மை போயிடும்னு.

ஃபாதர், ஆளு வர முடியலன்னா அவருக்குப் பதிலா வேற ஆள் நிக்கலாமாமே, எங்க மாமாவுக்குப் பதிலா இந்தச் சூசை நின்னுருப்பாரோன்னு கேட்டேன். வழியெல்லாம் அந்த நெனப்புதான். நிக்கலாம், ஆனா அப்ப மாமா பேரத்தான் ஞானத்தகப்பன்னு எழுதியிருப்பாங்க, பதிலாள் பேரு தனியா வரும்னாரு. குறிப்புக் கட்டம் காலி.

குறிப்புக் கட்டத்தைப் பத்தி ஒரு விஷயம். ஒருத்தர் எந்த ஊர்ல கல்யாணம் முடிச்சாலும், அந்தப் பங்குல இருந்து ஞானஸ்நானம் வாங்குன பங்குக்கு தகவல் போகணும், இங்க பேருக்கு நேரா எழுதணும். 1908ல இருந்து நடைமுறையில இருக்கிற சட்டம், ஒருத்தரே ரெண்டு ஊர்ல ரெண்டு கல்யாணம் பண்ணிடக் கூடாதுன்னு. எனக்கு 2006ல கல்யாணம். நான் கட்டுன பங்குல இருந்து யாரும் எழுதிப் போடல. ஆக ரெஜிஸ்டர்படி நான் இன்னும் பேச்சிலர். வீட்டுக்காரிக்கு போன் பண்ணிச் சொன்னேன். ரெண்டு செகண்ட் சத்தமில்ல. "இன்னைக்கே எழுத வச்சிட்டு வாங்க"ன்னா. அந்தப் பங்குல இருந்து லெட்டர் வந்தாத்தான் எழுத முடியும்னு சாமியார் சொல்லிட்டாரு, அத அவகிட்ட சொல்லல.

உறுதிபூசுதல் பத்தியும் ஒண்ணும் எழுதல. அத அப்ப பெருசா எடுத்துக்கல.

நான் வேலை பாக்குறது ஆடிட்டர் ஆபீஸ்ல. காலமும் கட்டமும் போட்ட பக்கத்தைப் பாத்தா கை தானா எண்ணும். ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் புரட்டிப் பாத்தா, ஞானத்தகப்பன் சூசை, சூசை, சூசை. அந்த ஒரு வருஷத்துல பதினாலு தடவ! மரியாள்னு ஞானத்தாய் எனக்கு மட்டுந்தான். சாமியார் எட்டிப் பாத்துட்டு சிரிச்சாரு. "இது உபதேசியாரா இருக்கும் சார். ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு உபதேசியார்தான் நிப்பாரு."

உபதேசியார்னா கோயில்ல சாமியாருக்கு உதவியா ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக் குடுக்கிறவரு. அவரு மகன் சைக்கிள் கடை வச்சிருக்காராம். போனேன், பூட்டியிருக்கு. உடன்குடிக்குப் போயிருக்காரு, நாளைக்குத்தான் வருவாருன்னாங்க. ராத்திரி திருச்செந்தூர் லாட்ஜ். கொசு.

மூணாம் நாள், சூசை பிள்ளைக

மகனுக்கு அறுபது இருக்கும். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் பஞ்சர் ஒட்டுறத நிறுத்தல, தலையைத் தூக்கல. "நீரும் ஒரு ஆளா வே"ன்னாரு. அப்புறம் எதுத்தாப்புல வலை பின்னிக்கிட்டு இருந்த கொட்டகையைப் பாத்து ஒரு சத்தம் குடுத்தாரு, "ஏய், இன்னொருத்தர் வந்திருக்காரு!"

மூணு பேரு எந்திரிச்சு வந்தாங்க. மூணு பேருக்கும் ஞானத்தகப்பன் சூசை உபதேசியார்தான். ஒருத்தர் தகப்பன் கடல்ல போனப்புறம் பொறந்தவரு. ஒருத்தர் வீட்ல அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது, யாரக் கூப்பிட்டாலும் சண்டை வரும்னு உபதேசியாரக் கூப்பிட்டாங்க. மூணாவது ஆளு காரணம் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. ஊர்ல இவங்களுக்கு சூசை பிள்ளைகன்னே பேரு. என்னைய நடுவுல உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாங்க, காசு நான் குடுக்கப் போனா "கடைசித் தம்பி காசு குடுக்கப்படாது"ன்னுட்டாங்க. எனக்கு அண்ணனே கிடையாது, அக்கா ஒருத்திதான். டீ தொண்டையில இறங்கல கொஞ்ச நேரம்.

"எங்கப்பா ஊருக்கெல்லாம் நின்னாரு, எங்களுக்குத்தான் வேற ஆளத் தேட வேண்டியதாப் போச்சு"ன்னாரு மகன். பெத்த தகப்பன் ஞானத்தகப்பனா நிக்க முடியாது, சட்டம் அப்படி.

உபதேசியார் 1994ல தவறிட்டாரு. அவங்க வீட்டம்மா இருக்காங்க, எண்பத்தஞ்சு வயசு, காது மந்தம், ஆனா ஞாபகம் நம்மள விட நல்லாருக்கு. வாத்தியார் மகன்னு சொன்னதும் "எந்த வாத்தியாரு, குடை வாத்தியாரா?"ன்னாங்க. அப்பா வெயில் மழை எல்லாத்துக்கும் குடையோட போவாரு. அந்தப் பேரு இருந்ததே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

அப்புறம் அவங்க சொன்னத அவங்க பேச்சுலயே எழுதுறேன், முடிஞ்ச மட்டும். "உங்கம்மைக்கு ஆளுக வடக்க இருந்து வரணும்னு பாத்துக்கிட்டே இருந்தாவ. நீ பால் குடிக்கல. ஒரே கத்து, அப்புறம் கத்தவும் இல்ல. ரேடியோவுல புயல்னு சொல்லிட்டான். ரயிலு இல்ல, பஸ்சு இல்ல. உங்கப்பாரு தந்தி அடிக்கப் போனா தந்தியும் போவல. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி சாமியார்ட்ட போயி, சாமி காத்திருக்க முடியாது, ஊத்திருங்கன்னாரு. இவரு அங்கனதான் நின்னுக்கிட்டு இருந்தாரு."

நவம்பர் 1977. லாட்ஜுக்கு வந்து போன்ல காலண்டர் பாத்தேன். நவம்பர் 12 சனிக்கிழமை நாகப்பட்டினத்துல புயல் கரையைக் கடந்துது. 13 ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம். மாமா இருந்தது புயல் அடிச்ச அதே ஊர்ல. அந்தப் புயலைப் பத்தி மாமா எத்தனையோ கதை சொல்லியிருக்காரு, ஓடு பறந்தது, தென்னை விழுந்தது, எல்லாம். இந்த ஒரு கதையை மட்டும் சொன்னதே இல்ல.

ஆனா முடியல இன்னும். கெழவி சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க, "உங்க மாமன் பத்து நாள் கழிச்சி வந்தாரு. மாலை, சட்டை, வெள்ளி அரைஞாண், எல்லாம் கொண்டாந்தாரு. விஷயம் தெரிஞ்சி கோயில் வாசல்ல நின்னு ஒரே சத்தம். என் பேர எழுது, அவன் பேர அடின்னு. சாமியாரு சொல்லிட்டாவ, நீ வந்த நாள்ல நான் தண்ணி ஊத்தல, ஊத்துன நாள்ல நீ வரல, நான் என்ன எழுதன்னு."

மாமா அன்னைக்கு ராத்திரி உபதேசியார் வீட்லதான் சாப்பிட்டாராம். வெள்ளி அரைஞாண உபதேசியார் கையால எனக்குக் கட்டச் சொல்லிட்டு, மறுநாள் பஸ் ஏறிட்டாரு. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல நான்தான் ஞானத்தகப்பன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு பாருங்க! எங்கம்மாவும் அப்பாவும் வாயத் திறக்கல பாருங்க!

கல்லறைத் தோட்டத்துக்கு மகன் கூட்டிட்டுப் போனாரு. மணல்ல சிமெண்ட் சிலுவை, உப்புக் காத்துல எழுத்து பாதி போச்சு. சூ-வும் கால் வாசி சை-யும் இருக்கு. மெழுகுவர்த்தி நிக்கல, மூணு தடவ கொளுத்தியும் காத்து அணைச்சிட்டுது, அப்படியே சாச்சி வச்சிட்டு வந்தேன்.

மரியாள் யாருன்னு கேட்டதுக்கு, "சாளை மரியா மவ சின்ன மரியா. உங்களுக்கு அடுத்த வீடு. புன்னக்காயல்ல கெட்டிக் குடுத்தாச்சே"ன்னாங்க. சாயங்காலம் சாமியார் மறுபடி பீரோவைத் திறந்தாரு. 1962 புத்தகத்துல மரியாள் இருக்கா, பேருக்கு நேரா ஓரத்துல "1981, புன்னக்காயல்"னு கல்யாணக் குறிப்பு. ஆக இவங்களுக்கு எழுதிப் போட்டிருக்காங்க, என்னையத்தான் விட்டுட்டாங்க. 62ல பொறந்தவன்னா எனக்கு நிக்கும்போது பதினஞ்சு. இன்னைக்கு சட்டத்துக்கு பதினாறு ஆகல, நிக்க விடமாட்டாங்க. அப்ப இருந்த சட்டத்துல பதினாலாவது வயசு தொடங்குனா போதும்.

நாலாம் நாள், புன்னக்காயல்

ஆத்தூர்ல இறங்கி இன்னொரு பஸ், சேர்ந்தபூமங்கலம் வழியா. தாமிரபரணி கடல்ல சேருற இடம், ரெண்டு பக்கமும் அலையாத்திச் செடி. 1578ல கொல்லத்துல தமிழ்ப் புத்தகம் அச்சடிச்ச அண்டிரிக் அடிகளார் தங்கியிருந்த ஊர். அதெல்லாம் நின்னு பாக்குற மனசு இல்ல, நேரா வீட்டை விசாரிச்சேன்.

மீன் காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அறுபத்து மூணு வயசு, கண்ணாடி, நல்ல கட்டை உடம்பு. எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியாம "அக்கா"ன்னு ஆரம்பிச்சு நான் யாருன்னு சொன்னேன். மொகத்துல ஒரு அசைவும் இல்ல. வாத்தியார் மகன்னேன். இல்ல. குடை வாத்தியார்னேன். கை நின்னுச்சு.

"அந்தக் குடம்!"ன்னாங்க.

என்ன குடம்? அன்னைக்கு இவங்க தண்ணிக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தாங்களாம், இடுப்புல பித்தளைக் குடம். உபதேசியார் கூப்பிட்டு, ஏ பிள்ள இங்க வா, குடத்த வாசல்ல வையி, வந்து நில்லுன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. "உன்னையத் தூக்கவே பயம். எலிக்குஞ்சு மாதிரி இருந்த, கைய விட்டு நழுவிருமோன்னு. சாமியாரு என்னமோ கேட்டாவ, உபதேசியார் ஆமான்னு சொல்லுன்னாரு, சொன்னேன். வெளிய வந்து பாக்கேன், குடத்தக் காணோம்." எவனோ தூக்கிட்டான். அவங்க அம்மா, அதான் சாளை மரியா, அடி பின்னிட்டாங்களாம். எங்கப்பா குடம் வாங்கித் தர்றேன்னு சொன்னாராம், அதுக்குள்ள மாத்தல் வந்து போயிட்டாரு. நாப்பத்தெட்டு வருஷமாகப் போவுது.

நான் இப்பவே ஆத்தூர் போய் வாங்கிட்டு வந்துர்றேன்னேன், நெஜமாத்தான் சொன்னேன். "பைப்பு வந்துட்டு, குடம் எதுக்குடே. இரு, சோறு தின்னுட்டுப் போ." மீன் குழம்பும் சோறும் போட்டாங்க. நான் தின்னுறத பாத்துக்கிட்டே இருந்துட்டு, "பேரு என்ன உனக்கு?"ன்னாங்க. தேவசகாயம்னேன்.

"அது இல்லையே. தண்ணி ஊத்தும்போது வேற சொன்னாவ."

"லாசர்."

"ஆங், லாசரு. அப்படிச் சொல்லு." தலையை ஆட்டிட்டு இன்னொரு துண்டு மீன எடுத்து வச்சாங்க. "அக்கான்னு கூப்பிடாத."

கிளம்பும்போது ஒரு மஞ்சப்பை நிறைய கருவாடு. வேண்டாம்மா ட்ரெயின்ல நாறும்னேன். புதுநன்மைக்கு சட்டை எடுத்துத் தரல, கல்யாணத்துக்கு ஒண்ணும் செய்யல, இதையாவது கொண்டுட்டுப் போன்னாங்க.

இப்ப தூத்துக்குடி ஸ்டேஷன்ல ட்ரெயின்ல உக்காந்து எழுதுறேன். பை சீட்டுக்கு அடியில. பத்து நிமிஷம் முன்னாடி அக்கா போன் பண்ணா, கதை பூராவும் சொன்னேன், மாமா சண்டை போட்டதைக் கேட்டு அழுதுட்டு அப்புறம் சிரிச்சா. வைக்கப் போகும்போது, "டேய், கோயில் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க, உன் சர்ட்டிபிகேட்ல உறுதிபூசுதல் எழுதலையாமே, அதுக்குத் தனியா சர்ட்டிபிகேட் வேணுமாம். எந்த ஊர்ல வாங்குன?"ன்னா.

நான் எட்டாங்கிளாஸ் படிக்கும்போது. அப்பா அப்ப எந்த ஊர்ல வேலை பாத்தாரு? அக்கா வள்ளியூர் பக்கம்ங்கிறா, நான் சாத்தான்குளம் பக்கம்ங்கிறேன். எதுத்த சீட்டுக்காரரு மூணாவது தடவையா குனிஞ்சு சீட்டுக்கு அடியில பாக்குறாரு.